சைக்கிளுக்கு டோக்கன் கிடையாதாம், சாமி

பங்குத்தந்தை அவர்களுக்கும் பங்குப் பேரவை உறுப்பினர்களுக்கும்,

கடந்த மே 1, தொழிலாளர் சூசையப்பர் திருநாளில், காலைப் பூசை முடிந்து நடந்த வாகன மந்திரிப்பில், அதாவது வண்டிகளுக்குத் தீர்த்தம் தெளித்து ஆசீர்வதிப்பதில், சைக்கிள்களை மட்டும் விட்டுவிட்டதைப் பற்றி எழுதுகிறேன். நேரில் சொல்லிவிடலாம் என்று இரண்டு தடவை உங்கள் பங்களாவுக்கு வந்தேன். முதல் தடவை நீங்கள் ஊரில் இல்லை. இரண்டாம் தடவை பேரவைச் செயலர் வாசலிலேயே நிறுத்தி, "அண்ணாச்சி, அது பேரவை எடுத்த முடிவு. இனி பேசி என்ன ஆகப்போகுது?" என்றார். பேரவை எடுத்த முடிவு என்றால் பங்கு மக்கள் எல்லோருக்கும் கேட்கும்படி பேசுவதுதான் சரி. அதனால்தான் இப்படி எல்லோரும் வாசிக்கும்படி எழுதுகிறேன்.

அன்றைக்குக் கொடிமரத்துப் பக்கத்தில் மேசை போட்டு டோக்கன் கொடுத்தார்கள். காருக்கும் வேனுக்கும் ஐந்நூறு, ஆட்டோவுக்கு முந்நூறு, பைக்குக்கு இருநூறு. சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தவர்களிடம் "சைக்கிளுக்கு டோக்கன் கிடையாது, ஓரமா நில்லுங்க" என்றார்கள். அவர்களும் மதிலோரமாகப் போய் நின்றார்கள். பந்தல் கார்களுக்குப் போட்டிருந்தது, மதிலோரம் வெயில். நீங்கள் ஒவ்வொரு காராகக் கதவைத் திறக்கச் சொல்லி, ஸ்டியரிங்கில் சிலுவை வரைந்து, தீர்த்தம் தெளித்தீர்கள். பைக்குகளுக்கு வரிசையாக நடந்துகொண்டே தெளித்தீர்கள். கடைசி வேனுக்கு முடிந்ததும் தீர்த்தச் செம்பைப் பீடச் சிறுவனிடம் கொடுத்துவிட்டு உள்ளே போய்விட்டீர்கள். நீங்கள் எங்களைப் பார்க்கவில்லை என்றே நம்புகிறேன். நடுவில் அத்தனை வண்டி மறைத்துக்கொண்டு நின்றது.

மதிலோரம் நின்றவர்களில் ஒரு அம்மா, உப்பளத்தில் கங்காணியிடம் கெஞ்சி, அரை நாள் கூலியை விட்டுவிட்டு வந்தவர். மே தினம் காலண்டரில் சிவப்பாக இருக்கும். உப்பு வாருகிற மாதத்தில் அளத்தில் அந்தச் சிவப்பு செல்லாது. சைக்கிளைக் கழுவித் துடைத்து, ஹேண்டில்பாரில் கனகாம்பரம் சுற்றிக் கொண்டுவந்திருந்தார். வேன் போனதும் கொஞ்ச நேரம் பார்த்தார். அப்புறம் சைக்கிளை ஸ்டாண்ட் போட்டுவிட்டு, கோயில் வாசல் தீர்த்தத் தொட்டியில் விரலை நனைத்து வந்து, தானே ஹேண்டில்பாரில் சிலுவை போட்டுக்கொண்டு ஏறி மிதித்துப் போய்விட்டார். ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. பக்கத்தில் நின்ற எனக்குத்தான் நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது. ஏனென்றால் முந்தின ராத்திரி அவருடைய பிரேக்கைச் சரிபார்த்து, "காலையில கட்டாயம் வந்திருங்க மைனி" என்று சொல்லி அனுப்பியவன் நான்.

பேரவையில் இப்போது இருப்பவர்களில் பாதிப்பேர் இந்தப் பங்குக்குப் புதியவர்கள். சைக்கிள் மந்திரிப்பு எப்படித் தொடங்கியது என்று அவர்களுக்குத் தெரிந்திருக்க வாய்ப்பில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன்.

நான் சைக்கிள் கடை வைத்து முப்பது வருடம் தாண்டிவிட்டது. இருபது வருடங்களுக்கு முன்னால் ஒரு பங்குனி மாதம், விடியாத நேரத்தில், உப்பளத்துக்குச் சாலை பிரிகிற விலக்கில் நம் பங்கைச் சேர்ந்த ஒருவர் லாரியில் அடிபட்டு இறந்துபோனார். போலீஸ் விட்டபிறகு அவருடைய சைக்கிளை அவர் மகன் என் கடைக்குத் தூக்கிக்கொண்டு வந்தான். "இதைச் சரிபண்ண முடியுமா மாமா?" என்று கேட்டான். முன்சக்கரம் எட்டு போல மடிந்திருந்தது. முடியாது என்று சொல்ல வாய் வரவில்லை. கடை முன்னாலேயே சாத்தி வைத்திருந்தேன். அடக்கம் முடிந்து திரும்பி நடந்து வந்த அப்போதைய பங்குச்சாமி அதைப் பார்த்துவிட்டு நின்றார். ரொம்ப நேரம் நின்றார். "புது கார் வாங்கினா மந்திரிக்கக் கூப்பிடுறாங்க, புது பைக்னாலும் கூப்பிடுறாங்க. இந்த ஊர்ல ஒரு சைக்கிளையாவது நான் மந்திரிச்சிருக்கேனா?" என்று என்னைக் கேட்டார். இல்லை என்றேன்.

அடுத்து வந்த மே 1 அன்று சைக்கிள் மந்திரிப்பு தொடங்கியது. அந்த வருடம் வந்தவை பன்னிரண்டோ பதிமூன்றோதான். சைக்கிளை மந்திரிப்பதா என்று கூச்சம். சாமி அதற்கு ஒரு வழி செய்தார். ஒவ்வொரு சைக்கிளுக்கும் தீர்த்தம் தெளிக்குமுன் அவரே பிரேக்கைப் பிடித்துப் பார்ப்பார். பிடிக்கவில்லை என்றால் "முதல்ல இவர்கிட்ட போயிட்டு வாங்க, அப்புறம் தீர்த்தம்" என்று என்னைக் கைகாட்டுவார். ஜனங்கள் சிரிப்பார்கள். ஆனால் அடுத்த வருடத்திலிருந்து எல்லோரும் முந்தின ராத்திரியே என் கடைக்கு வந்துவிட்டார்கள். போன வருடம் ஏப்ரல் 30 ராத்திரி என் கடை வாசலில் நின்றவை எழுபதுக்கு மேல்.

அந்த ராத்திரி வேலையைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும் சாமி. பேரவைக்காரர்கள் இதை ஏதோ பூ சுற்றிக் கும்பிடுகிற சடங்காக நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். உப்பளத்துக்குப் போகிற சைக்கிளுக்கும் பள்ளிக்கூடத்துக்குப் போகிற சைக்கிளுக்கும் ஆயுசு ஒன்றல்ல. உப்புத் தண்ணீர் பட்ட இரும்பு உள்ளே இருந்தே உதிரும். வெளியே பெயின்ட் பளபளவென்று இருக்கும், மட்கார்டைத் தட்டினால் துரு மாவாகக் கொட்டும். ரிம் அரித்துவிடும். போக்ஸ் கம்பி முனையில் இற்று, ஒரு நாள் ஒன்று போகும், மறுநாள் மூன்று போகும், சக்கரம் கோட்டம் விழும். கம்பி பிரேக் வைத்த பழைய வண்டிகளில் அந்தக் கம்பி இறுகி, லிவரைப் பிடித்தால் கட்டை ரிம்மைத் தொடவே தொடாது. காலை ஊன்றித்தான் நிறுத்துவார்கள். செருப்பின் அடி ஒரு பக்கமாகத் தேய்ந்திருந்தால் அவர் சைக்கிளில் பிரேக் இல்லை என்று அர்த்தம். என் தொழிலில் கற்றுக்கொண்டது இது.

அந்த ஒரு ராத்திரி பிரேக் கட்டை மாற்றுவதற்கும், செயினுக்கு எண்ணெய் விடுவதற்கும், கோட்டம் எடுப்பதற்கும் நான் கூலி வாங்குவதில்லை. கட்டைக்கான காசை, ஏழைகளுக்கு உதவுகிற வின்சென்ட் தே பால் சபை கொடுத்துவந்தது. பின் மட்கார்டில் ஒட்ட மினுங்குகிற சிவப்பு ஸ்டிக்கரை இளைஞர் இயக்கப் பையன்கள் வாங்கி வந்து ஒட்டுவார்கள். மறுநாள் மந்திரிப்பு இருக்கிறது என்பதால்தான் இவ்வளவும் நடந்தது. பிரேக்கைப் பார்க்க வா என்று சும்மா கூப்பிட்டால் உப்பளத்தில் பத்து மணி நேரம் நின்றுவிட்டு வருகிற மனுஷி வருவாரா? சாமி மந்திரிக்கிறார் என்றால் வருவார்.

அப்புறம் இன்னொன்றும் நடந்தது. தெளிப்பதற்கு முன்னால், போன மே மாதத்திலிருந்து அந்த மே மாதம் வரை நம் சுற்றுவட்டாரத்தில் சைக்கிளில் போய் அடிபட்டு இறந்தவர்களின் பெயரை உபதேசியார் வாசிப்பார். எந்த மதத்துக்காரராக இருந்தாலும் வாசிப்பார். ஒவ்வொரு பெயருக்கும் எல்லோரும் ஒரு தடவை சைக்கிள் மணி அடிப்பார்கள். இந்த வருடமும் ஒரு பெயர் இருந்தது. தை மாதம், அதே விலக்கில் போன உயிர். அவருடைய மகள் பிளஸ் ஒன் படிக்கும்போது அரசாங்கம் கொடுத்த சைக்கிளில் வந்து மதிலோரம் நின்றுகொண்டிருந்தாள். பெயர் வாசிக்கப்படவில்லை. மணிமேல் கையை வைத்தபடியே நின்றாள்.

இதெல்லாம் நம் ஊர்ச் சாமி ஒருவர் தன் இஷ்டத்துக்குக் கிளப்பிவிட்ட வழக்கம், திருச்சபையில் இதற்கு இடமில்லை என்று பேரவைக் கூட்டத்தில் ஒருவர் சொன்னதாகக் கேள்விப்பட்டேன். அவருக்காக இந்தப் பகுதி.

இத்தாலியில் கோமோ ஏரிப் பக்கம் மக்ரேலியோ என்று ஒரு மலைக் கிராமம். அங்கே கிஸாலோ மாதா சிற்றாலயம் இருக்கிறது. வழிப்பறிக்காரர்களிடமிருந்து தப்பித்து ஓடிவந்த ஒரு பிரபு அந்த மாதா படத்தடியில் அடைக்கலம் புகுந்தார் என்பது கதை. அதிலிருந்து வழிப்போக்கர்கள் அங்கே நின்று கும்பிடுவார்கள். பிற்காலத்தில் சைக்கிள் பந்தயக்காரர்கள் அந்த ஏற்றத்தை மிதித்து ஏறி, மூச்சு வாங்க நிற்கிற இடமும் அதுவாகிவிட்டது. எர்மெலிந்தோ விகானோ என்ற அந்த ஊர்ச் சாமியார் ரோமாபுரிக்கு விண்ணப்பம் செய்து, 1949 அக்டோபர் 13 அன்று பாப்பரசர் 12ஆம் பத்திநாதர் (பயஸ்) கிஸாலோ மாதாவைச் சைக்கிள்காரர்களின் பாதுகாவலியாக அறிவித்தார். கவனியுங்கள், கேட்டவர் ஒரு சின்ன ஊர்ச் சாமியார். இன்னொன்றையும் கவனியுங்கள். மே 1ஐத் தொழிலாளர் சூசையப்பர் திருநாளாக 1955இல் நமக்குக் கொடுத்தவரும் அதே பாப்பரசர்தான். பழைய பங்குச்சாமி இதைப் பிரசங்கத்தில் சொல்லித்தான் மே 1ஐத் தேர்ந்தெடுத்தார்.

அந்தச் சிற்றாலயத்தின் படங்களை என் மகள் போனில் எடுத்துக் காட்டினாள். சுவர் முழுக்க சைக்கிள் தொங்குகிறது. பெரிய வீரர்கள் பர்த்தலி, கோப்பி எல்லோருடையதும் இருக்கிறது. இந்த ஜீனோ பர்த்தலி இரண்டாம் உலகப்போர் காலத்தில் சைக்கிள் குழாய்க்குள் போலி அடையாளக் காகிதங்களைச் சுருட்டி வைத்து, பயிற்சிக்குப் போகிறவர் மாதிரி மிதித்துப்போய் யூதர்களைக் காப்பாற்ற உதவியவர். அந்த வேலைக்குப் பின்னால் இருந்தவர் புளோரன்ஸ் கர்தினால் எலியா தல்லா கோஸ்தா. இதற்காக 2013இல் இஸ்ரேலின் யூத இனப்படுகொலை நினைவு நிறுவனமான யாத் வாஷெம் பர்த்தலியைக் கௌரவித்தது. ஆனால் நான் போனைக் கீழே வைக்க முடியாமல் பார்த்துக்கொண்டிருந்தது வேறொரு சைக்கிளை. கோமோ ஊர்ப் பையன் ஃபாபியோ கசார்த்தெல்லி, 1992 ஒலிம்பிக்கில் தங்கம் வாங்கியவன், 1995 ஜூலையில் பிரான்ஸ் பந்தயத்தில் மலை இறக்கத்தில் விழுந்து இருபத்து நான்கு வயதில் செத்துப்போனான். அவன் ஓட்டிய அந்த நெளிந்த சைக்கிளை ஆலயத்துக்குள்ளேயே வைத்திருக்கிறார்கள். என் கடை முன்னால் சாத்தி வைத்திருந்த சைக்கிள்தான் எனக்கு ஞாபகம் வந்தது. அது துருப்பிடித்துப் பழைய இரும்புக்குப் போய்விட்டது.

பிரான்சிலும் லாபஸ்தீத் தார்மஞாக் என்ற ஊரில் 1959இலிருந்து சைக்கிள்காரர் மாதா ஆலயம் இருக்கிறது. நியூயார்க்கில் ஆங்கிலிக்கன் வழிவந்த எபிஸ்கோப்பல் சபையினர் தூய யோவான் பேராலயத்தில் 1999 முதல் சைக்கிள் மந்திரிப்பு நடத்துகிறார்கள். சைக்கிளை நடு ஆலயத்துக்கே உருட்டிக்கொண்டு வரச்சொல்லித் தீர்த்தம் தெளிக்கிறார்கள். அந்த வருடம் சாலையில் இறந்த சைக்கிள்காரர்களை நினைவுகூர்கிறார்கள், மணி அடிக்கிறார்கள். நம் சாமிக்கு அது தெரியுமா தெரியாதா என்று எனக்குத் தெரியாது. இரண்டு ஊரும் ஒரே மாதிரி மணி அடித்ததில் எனக்கு ஒரு சந்தோஷம், அவ்வளவுதான்.

செயலர் எனக்குச் சொன்ன காரணங்கள் மூன்று. நேரம் இல்லை, இடம் இல்லை, மண்டப நிதிக்குப் பணம் சேர்க்க வேண்டும். நேரத்தைப் பற்றி: எழுபது சைக்கிளுக்குத் தெளிக்கக் கால் மணி நேரம்கூட ஆகாது, நான் இருபது வருடமாகப் பக்கத்தில் நின்று பார்த்தவன். இடத்தைப் பற்றி: ஒரு கார் நிற்கிற இடத்தில் எத்தனை சைக்கிள் நிற்கும் என்பதை நான் சொல்லவா? குகை மாதிரிக் கட்டிய கெபிக்குப் பின்னால் இருந்த சைக்கிள் ஸ்டாண்டை இரண்டு வருடத்துக்கு முன் இடித்துக் கார் நிறுத்தக் கல் பாவினீர்கள். அப்போது யாரும் வாய் திறக்கவில்லை, நானும்தான். அது என் தப்பு.

மூன்றாவது காரணம்தான் எனக்கு இறங்கவில்லை. பத்து ரூபாய் டோக்கன் என்று சொல்லியிருந்தால்கூட எங்கள் ஜனங்கள் கொடுத்திருப்பார்கள். கிடையாது என்றதுதான் சுட்டது. மந்திரிப்புக்கு விலைப்பட்டியல் எழுதி ஒட்டலாமா என்பது பெரிய கேள்வி, அது எனக்கு மேலே. ஆனால் பழைய சாமி ஒன்று சொல்லியிருக்கிறார். லத்தீன் சடங்குப் புத்தகத்தில் வண்டியை மந்திரிக்கிற செபத்தில் திருத்தூதர் பணிகள் 8ஆம் அதிகாரத்து பிலிப்பு வருகிறாராம். எத்தியோப்பிய அரசியின் நிதிக்குப் பொறுப்பான அதிகாரி தேரில் உட்கார்ந்து இறைவாக்கினர் எசாயாவை வாசித்துக்கொண்டு போகிறார், பிலிப்பு தேரை நோக்கி ஓடிப்போகிறார். "தேரில் போனவர் அந்த அதிகாரி. திருத்தொண்டர் பிலிப்புக்கு வண்டியே கிடையாது, ஓடித்தான் போனார்" என்பார் சாமி. அதே அதிகாரத்தில் கொஞ்சம் மேலே, ஆவியின் வரத்தைக் காசு கொடுத்து வாங்கப் பார்த்த சீமோன் என்ற மந்திரவாதி, பேதுருவிடம் திட்டு வாங்கியதும் இருக்கிறது. இது பழைய சாமி சொன்னது அல்ல, நானே வாசித்துக் கண்டுபிடித்தேன். கோபத்தில் இருக்கும்போது வேதம் நன்றாகவே ஞாபகம் வருகிறது. யாக்கோபு திருமுகம் 2ஆம் அதிகாரத்தில் பொன் மோதிரம் போட்டவனுக்கு நல்ல இடமும் அழுக்குத் துணிக்காரனுக்கு 'அங்கே போய் நில்' என்பதும் வருகிறதே, அதை நான் விளக்கத் தேவையில்லை. போன ஆவணியில் நீங்களே அதை வைத்து அருமையாகப் பிரசங்கம் செய்தீர்கள்.

காரில் போகிறவருக்கு மந்திரிப்பு வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. கார்க்காரருக்கு பெல்ட் இருக்கிறது, இன்சூரன்ஸ் இருக்கிறது, சுற்றித் தகரம் இருக்கிறது. விடிகாலை மூன்றரை மணிக்குத் தூக்குச்சட்டியை ஹேண்டில்பாரில் மாட்டிக்கொண்டு, டைனமோ லைட் எரியாமல், உப்பு லாரிகளுக்கு நடுவே மிதித்துப் போகிற பெண்ணுக்கு இருப்பது ஒரு பெல்லும், நாம் ஒட்டிய ஒரு சிவப்பு ஸ்டிக்கரும், வருடத்துக்கு ஒரு தடவை கிடைத்த இரண்டு சொட்டுத் தீர்த்தமும்தான். வெள்ளை உப்பைப் பார்த்துப் பார்த்துக் கண் மங்கிப்போனவர்கள் அவர்களில் நிறையப் பேர். அந்த இரண்டு சொட்டை நிறுத்தியதும் ஸ்டிக்கரும் நின்றுவிட்டது. இந்த வருடம் வின்சென்ட் தே பால் சபையும் கட்டைக்குக் காசு கொடுக்கவில்லை. மந்திரிப்பே இல்லையே, எதற்கு என்று கேட்டார்களாம்.

எனவே நான் கேட்பது இதுதான்.

விட்டுப்போன மந்திரிப்பை அடுத்த மே வரை தள்ளிப்போடாமல் ஜூன் 3 அன்று நடத்துங்கள். ஐ.நா. சபை 2018இல் உலக சைக்கிள் தினமாக அறிவித்த நாள் அது. பிள்ளைகள் பள்ளிக்கூடம் திரும்புகிற நேரமும்கூட, அவர்கள் சைக்கிளும் வரும். ஜூன் 2 ராத்திரி என் கடை திறந்திருக்கும், கூலி கிடையாது, கட்டைக்கான காசை இந்தத் தடவை நானே பார்த்துக்கொள்கிறேன். அடுத்த மே 1 முதல் சைக்கிள்களைத்தான் முதலில் மந்திரிக்க வேண்டும், கார்கள் அப்புறம். வேலைக்குத் திரும்ப ஓட வேண்டியவர்கள் சைக்கிள்காரர்கள்தான். சைக்கிளுக்குக் காணிக்கை டோக்கன் போடக்கூடாது. மண்டப நிதிக்கு யாராவது விரும்பிக் கொடுத்தால் அது உண்டியலில் விழட்டும்.

இறந்தவர்களின் பெயரை மறுபடி வாசிக்க வேண்டும். தை மாதம் இறந்தவரின் பெயரை அதற்கும் முன்னால், வருகிற ஞாயிறு பூசையிலேயே பூசைக் கருத்தாகச் சொல்லி அவருக்காக வேண்ட வேண்டும், அவர் மகள் முன்வரிசையில் இருக்கும்படி முன்கூட்டியே சொல்லி அனுப்பி.

இடித்த ஸ்டாண்டுக்குப் பதிலாகக் கெபிப் பக்கம் நான்கு கார் அளவு இடத்தை விட்டுக் கூரை போடுங்கள். உப்பள விலக்கில் இரண்டு உயிர் போனதை எழுதி, விளக்கும் வேகத்தடையும் கேட்டு, பங்குப் பேரவையின் பெயரில் நெடுஞ்சாலைத் துறைக்கும் மாவட்ட ஆட்சியருக்கும் மனு கொடுங்கள். கையெழுத்து வாங்குகிற வேலையை நான் எடுத்துக்கொள்கிறேன். என் கடைக்கு வராத வீடு இந்த ஊரில் குறைவு.

கடைசியாக ஒன்று, இதைப் பேரவையிடம் கேட்கவில்லை, உங்களிடம் மட்டும் கேட்கிறேன் சாமி. உப்பளத்துக்காரர்களில் பாதிப்பேரால் எந்தத் தேதி வைத்தாலும் கோயிலுக்கு வர முடியாது. ஒரு நாள் விடிகாலை மூன்றரைக்கு நீங்கள் அந்த விலக்குக்கு வாருங்கள். தீர்த்தச் செம்பைப் பிடிக்க நான் வருகிறேன். ஒரு டார்ச்சும் கொண்டுவருகிறேன். அவர்கள் இறங்கக்கூட வேண்டாம், மெதுவாக வந்தால் போதும், நீங்கள் தெளித்துவிடலாம்.

பேரவை இந்த மடலை எடுத்துப் பேசி, ஜூன் 3க்கு முந்திய ஞாயிறுக்குள் பதிலை எழுத்தில் தர வேண்டும். அறிவிப்புப் பலகையில் ஒட்டினாலும் சரி.

இப்படிக்கு,
கோயில் தெருமுனையில் சைக்கிள் கடை வைத்திருப்பவன்